கேமரா இல்லாத ஞாயிற்றுக்கிழமை

பாறசாலையைத் தாண்டியதும் ரயில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள், மழையில் நனைந்த சரளைக்கல், எங்களைப் பார்த்துச் சலித்துப்போன ஒரு மாடு. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. எதிர் இருக்கையில் இருந்த இருவர் மலையாளத்தில் பேசிக்கொண்டது எனக்கு முக்கால்வாசி புரிந்தது. "கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருக்கிற ஆள் தூங்கிவிட்டான் போல" என்றார் ஒருவர். "எதிரே வருகிற வண்டிக்கு மட்டும் ராஜமரியாதை. நம்மை யார் கேட்க?" என்றார் மற்றவர்.

"தூங்கியிருக்க மாட்டாங்க" என்றேன் நான் தமிழில். இருவரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பது என் மனைவி என்று விளக்கும் தெம்பு எனக்கு இல்லை.

சித்ரா ரயில்வேயில் செக்‌ஷன் கண்ட்ரோலர். எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும், ஒற்றைத் தண்டவாளத்தில் எது எதற்கு ஒதுங்கி வழிவிட வேண்டும் என்றெல்லாம் போனையும் திரையையும் வைத்துக்கொண்டு முடிவு செய்கிற வேலை. இரண்டு வருடம் முன்பு திருச்சியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றினார்கள். எனக்கு உறையூரில் வீடு, பக்கத்திலேயே ஒரு பாலிடெக்னிக்கில் டிராயிங் ஆசிரியர் வேலை. அதை மாற்றிக்கொள்ள வழியில்லை. மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில். ஒரு குடும்பத்துக்கு மூன்று ஊர், மூன்று சாவிக்கொத்து.

மாதம் ஒருமுறை நான் போவது வழக்கம். இந்த முறை காரணம் வேறு. திங்கட்கிழமைக்குள் சித்ரா ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். இப்போதிருக்கும் பதவியிலேயே திருச்சிக்குத் திரும்பலாம். அல்லது திருவனந்தபுரத்திலேயே சீஃப் கண்ட்ரோலராகப் பதவி உயர்வு பெறலாம். அப்படியென்றால் இன்னும் மூன்று வருடமாவது அங்கேதான். "நீங்க என்ன சொல்றீங்களோ அதான்" என்று போனில் சொல்லிவிட்டாள். நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. வந்துடு. அதை நேரில் சொல்ல வேண்டும் என்றுதான் வண்டி ஏறினேன்.

ஆனால் வெள்ளியும் சனியும் அவளுக்கு ட்யூட்டி. "வீட்டுல உக்காந்து ஃபேனைப் பாத்துட்டு இருக்காதீங்க" என்று என்னைக் கேட்காமலேயே ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டிருந்தாள். மூன்று நாள் காலையில் ஒரு வழிகாட்டியுடன் ஊருக்குள் நடப்பது, நடந்தபடியே பயணப் படங்கள் எடுக்கக் கற்றுக்கொள்வது. மகள் ஆசையாக வாங்கி ஆறே மாதத்தில் கைவிட்ட கேமரா வீட்டில் சும்மா கிடந்தது. அதைத் துடைத்து எடுத்துக்கொண்டேன்.

ஸ்ரீவராகத்தில் ஓர் அக்ரஹாரத்து வீட்டு மாடியில் சித்ரா குடியிருக்கிறாள். வியாழக்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது நான் தூங்கிப்போயிருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் நான் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியைத் தொடலாமா என்று நினைத்துவிட்டு, எழுந்துவிடுவாள் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

கிழக்கேகோட்டை வாசலில் ஒன்பது பேர் கூடியிருந்தோம். வழிகாட்டியின் பெயர் பார்வதி. முப்பத்தைந்து வயதிருக்கும். ஆரியசாலையில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிற தமிழ்க் குடும்பத்துப் பெண். தோளில் ஒரு பழைய கேமரா, காலில் ரப்பர் செருப்பு. "சாரே, இவ்வளவு பெரிய பேக் என்னத்துக்கு? நடக்கணும் கேட்டோ, நல்லா நடக்கணும்" என்று வந்தவுடனேயே என் மூட்டையைக் குறைத்தார். லென்ஸ்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார். மற்றவை அன்று முழுதும் என் முதுகில் வெறும் பாரமாகத் தொங்கின.

சாலைக் கடைத்தெரு வழியாக ஆரியசாலைக்கு நடந்தோம். வெற்றிலைக் கட்டுகள், கயிற்றுச் சுருள்கள், மிளகாய் மூட்டைகள், தும்மல். திருச்சி காந்தி மார்க்கெட்டில் இந்நேரம் பத்துப் பேராவது சண்டை போட்டிருப்பார்கள். இங்கே அதே நெரிசலில் சண்டைக்குப் பதிலாகத் தலையை ஆட்டிக்கொள்கிறார்கள். நான் ஒரு பழைய மரப்படிக்கட்டைப் படம் பிடிக்க நின்றேன். சுமைதூக்குகிறவர்கள் குறுக்கே போய்க்கொண்டே இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் போகட்டும் என்று இருபது நிமிடம் காத்திருந்து எடுத்தேன். படிக்கட்டு அச்சு அசலாக நேராக வந்திருந்தது. டிராயிங் வாத்தியார் என்பதை நிரூபித்துவிட்ட பெருமை எனக்கு.

எங்களில் லிஸி சேச்சி என்றொரு பெண்மணி. குவைத்தில் முப்பது வருடம் நர்ஸாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். கையில் போன் மட்டும்தான். அவர் எந்தக் கடையிலும் முதலில் படம் எடுப்பதில்லை. முட்டிவலி எப்படி இருக்கிறது, சுகர் பார்த்தாயா என்று விசாரிப்பார், பேசுவார், சிரிக்க வைப்பார். அப்புறம் ஒரே ஒரு படம். அது எங்கள் எல்லாருடைய படத்தையும்விட நன்றாக இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நானும் அப்படிச் செய்து பார்க்கலாம் என்று கருப்பட்டி விற்கிற கடை ஒன்றில் பேச்சுக் கொடுத்தேன். கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்துத் தமிழர். திருச்சி என்றதும் முகம் மலர்ந்தது. "திருச்சியா? நம்ம ரயில்வே மேடமும் திருச்சியாக்கும். சித்ரா மேடம்." நான் யாரென்று சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டார். "மேடம் இஞ்ச வந்து போர்டு எல்லாம் பாத்து எழுத்துக் கூட்டி வாசிப்பாங்க. நானாக்கும் மலையாளம் அ, ஆ சொல்லிக் கொடுத்தது. இப்போ பேப்பரே வாசிக்கிறாங்கல்லா? உங்ககிட்ட சொல்லியிருப்பாங்களே?"

சொன்னாள் என்று தலையாட்டினேன். சொல்லவில்லை. தினமும் இரவு அரை மணி நேரம் பேசுகிறோம். என்ன சமைத்தாய், தண்ணீர் வந்ததா, மகள் பேசினாளா. அவள் ஒரு மொழியைப் படிக்கக் கற்றுக்கொண்டது அந்த அரை மணி நேரத்துக்குள் வரவே இல்லை. அந்தக் கடைக்காரர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

நடை முடிந்ததும் பார்வதி எங்களை ஒரு கடைக்கு அழைத்துப் போனார். இலையில் போளி, அதன்மேல் பால் பாயசம். எங்கள் ஊரில் போளிக்கு நெய் போதும். இங்கே அதைப் பாயசத்தில் பிசைந்து சாப்பிடுகிறார்கள். முதலில் திகைத்தேன், பிறகு இரண்டாவது வாங்கினேன். மழை பிடித்துக்கொண்டது. நடந்தே போயிருக்கலாம், சோம்பலில் பஸ் ஏறினேன். பெயர்ப்பலகையில் எனக்குத் தெரிந்த ஒரே மலையாள எழுத்தான 'ஸ்ரீ' இருந்தது. ஸ்ரீவராகம்தான் என்று உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து ஊருக்கு வெளியே ஸ்ரீகாரியத்தில் இறக்கிவிட்டார்கள். திரும்பி வரும்போது மதியம் ஆகிவிட்டது. சித்ரா வேலைக்குப் போயிருந்தாள். மேசையில் மூடி வைத்த சோறும் மோர்க்குழம்பும் இருந்தன. தட்டுக்கு அடியில் ஒரு சீட்டு: 'சூடு பண்ணிக்கோங்க.' அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை நடை எங்கள் தெருவுக்கே வந்தது. ஒட்டி ஒட்டி நிற்கிற ஓட்டு வீடுகள், வாசலில் ஈரம் காயாத கோலங்கள், நடுவே யாரோ நிறுத்திப்போன ஸ்கூட்டர். வீட்டுக்காரர் ராஜம் மாமி என்னைக் கேமராவும் கையுமாகப் பார்த்துவிட்டு வாசலுக்கே வந்தார். "வாங்கோ வாங்கோ. சித்ரா கார்த்தாலயே ட்யூட்டிக்குப் போயிட்டா. ஒங்களுக்குத் தெரியுமோ, நம்ம தெருவில எந்தாத்துக் கொழந்தை ஊருக்குப் போனாலும் வண்டி லேட்டா இல்லியான்னு அவகிட்டதான் கேப்பா எல்லாரும். போயிடுவாளோன்னு எல்லாருக்கும் ஒரே கவலை. நீங்க அழைச்சுண்டு போகத்தான் வந்திருக்கேளாமே?"

 நான் சொல்லாத வார்த்தை எனக்கு முன்பே தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. "இன்னும் முடிவு பண்ணலை மாமி" என்று சமாளித்தேன்.

நடை முடிந்து ஒரு சாயாக்கடையில் பார்வதி தன் லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொருவர் படங்களையும் போட்டுக் காட்டினார். என் முறை வந்தது, நான் பொறுக்கிக் கொடுத்த படங்கள் வந்தன. படிக்கட்டு, சந்து, அக்ரஹாரத் தெரு, கதவு, இன்னொரு கதவு. பார்வதி மறுபடி முதல் படத்துக்கே திரும்பிப் போனார்.

"சாரே, கோடெல்லாம் நேரா இருக்கு. வெளிச்சம் செரி. ஆனா ஆளு எங்க? ஊரோட எல்லாரும் குடி பெயந்து போனது மாதிரி இல்லா இருக்கு."

"கூட்டம் போகட்டும்னு காத்திருந்து எடுத்தேன்" என்றேன்.

"போகிறதுக்குக் காத்திருக்க வேண்டாம், வருகிறதுக்குக் காத்திருந்தா மதி, அது போதும். மனசிலாச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் படங்கள் எனக்குப் பழக்கமானவை. சாயந்திரம் கல்லூரியிலிருந்து போய்க் கதவைத் திறந்தால் என் வீடு அப்படித்தான் இருக்கிறது. எல்லாம் வைத்த இடத்தில், எல்லாம் நேராக. குளியலறையில் அவள் சோப்பு கரையாமல் அப்படியே இருக்கிறது. அதை எடுத்துப் போடவும் மனசில்லை, உபயோகிக்கவும் மனசில்லை.

அன்று மதியம் இரண்டு மணிக்கு அவள் வேலை முடிந்து வந்தாள். ஸ்டேஷன் இருக்கிற தம்பானூர் பக்கம் ஒரு கடையில் சாப்பிட்டோம். தடித் தடியான சிவப்பு அரிசிச் சோறு, அவியல், பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய ரோஸ் நிற வெந்நீர். "அவியல்ல தேங்காயெண்ணெய் வாசனை பாருங்க, பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள். இதுதான் சமயம் என்று "சித்ரா" என்று ஆரம்பித்தேன். அவள் போன் அடித்தது.

கண்ட்ரோல் ரூமிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒருவர். ஏதோ ஒரு சரக்கு வண்டி நடுவழியில் நின்றுவிட்டதாம், பின்னால் இரண்டு பயணிகள் வண்டி வருகின்றனவாம். சித்ரா எழுந்து வாசலுக்குப் போய் நின்றாள். மலையாளத்தில் படபடவென்று கேள்விகள் கேட்டாள். இடது கையால் காற்றில் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து ஒரு கிளை பிரித்து, ஒரு வண்டியை அதில் ஒதுக்கினாள். "பதறாதே. பின்னால் முதலில் வருகிறதை லூப் லைனில் போடு. நான் லைனிலேயே இருக்கிறேன்." நாலே நிமிடம். உள்ளே வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து அவியலைத் தொடர்ந்தாள்.

திருச்சியில் இவள் வேலை பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். மூலையில் உட்கார்ந்து, மேலே இருக்கிறவர் என்ன சொல்வாரோ என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தால் தலைவலி என்பாள். இந்தப் பெண்ணை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்றாள்.

"பப்படம் இன்னொண்ணு கேட்கலாமான்னு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அவளும் வந்தாள். முன்தினமே பார்வதி சொல்லியிருந்தார்: நாளைக்கு யாரும் கேமரா கொண்டுவர வேண்டாம், கொண்டுவந்தாலும் வெளியே வைத்துவிட வேண்டும், பத்மநாபசுவாமி கோயிலுக்குள் போகிறோம். படம் எடுக்கக் கற்றுத் தருகிற வகுப்பு, படமே எடுக்கக் கூடாத இடத்துக்கு. ஆண்கள் சட்டை கழற்றி, வேட்டி மட்டும் கட்டிக்கொண்டு போக வேண்டும். நான் திருச்சியிலிருந்து ஒட்டுகிற வேட்டி கொண்டு போயிருந்தேன். மெத்தனமாக இழுத்துக் கட்டப் போக, 'பர்ர்' என்று அது பிரிந்த சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. சித்ரா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

லிஸி சேச்சி கிறிஸ்தவர், உள்ளே அனுமதி இல்லை. அது அவருக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். குளக்கரையில் உட்கார்ந்து எங்கள் பைகளுக்குக் காவல் இருப்பதாகச் சொன்னார். அப்போதுதான் பார்வதி அன்றைய பாடத்தைச் சொன்னார். "உள்ள போய் நல்லா பாருங்க. வெளிய வந்து ஆளுக்கு ஒரு படம் சேச்சிக்குச் சொல்லணும். வாயால. அதாக்கும் இன்னைக்குப் படம்."

உள்ளே எண்ணெய் விளக்கின் இருட்டு. கல் குளிர்ந்திருந்தது. சன்னதிக்கு மூன்று வாசல். படுத்திருக்கிற பெருமாள் மிகப் பெரியவர். முழுதாக ஒரே பார்வையில் யாருக்கும் கிடைக்க மாட்டார். முதல் வாசலில் முகமும் நீட்டிய கையும், நடு வாசலில் நாபித் தாமரை, மூன்றாவதில் பாதம். நடங்கோ நடங்கோ என்று நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த சித்ரா இரண்டு வாசல்களுக்கு நடுவே ஒரு கணம் நின்றுவிட்டாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, சுவர்தான்.

வெளியே வந்து எல்லாரும் சேச்சியைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒருவர் விளக்கு வரிசையைச் சொன்னார். ஒருவர் பாதத்தில் கிடந்த பூவைச் சொன்னார். சேச்சி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார். நான் நடுவாசல் தாமரையைச் சொன்னேன். எத்தனை அடி அகலம், எந்தக் கோணத்தில் இருந்தது என்று டிராயிங் வகுப்பு எடுத்துவிட்டேன் என நினைக்கிறேன். பார்வதி சித்ராவைப் பார்த்து, "மேடம் விருந்தாளியாக்கும், ஆனாலும் சொல்லணும்" என்றார்.

சித்ரா சேச்சிக்குப் புரிய வேண்டும் என்று மலையாளத்தில் சொன்னாள். "நான் அந்தச் சுவரை எடுத்திருப்பேன் சேச்சி. முதல் வாசலுக்கும் நடு வாசலுக்கும் இடையில் இருக்கிற சுவர். அதற்குப் பின்னாலும் அவர் இருக்கிறார். நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். எனக்கு மாதத்தில் மூன்று நாள்தான் வாசல். மீதி நாள் சுவர்."

சேச்சி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் குளத்தைப் பார்த்தேன். இரண்டு வருடமாக நான் மட்டும்தான் ஏங்கிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவளுக்கென்ன, ஊர் இருக்கிறது, தெரு இருக்கிறது, வேலை இருக்கிறது என்று.

வகுப்பு கலைந்தது. என் வண்டிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஒரு சின்ன ஹோட்டலில் காபி சொல்லிவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் சொன்னேன். வந்துடு என்று அல்ல.

"நாளைக்கு எழுதிக் குடுத்துடு சித்ரா. சீஃப் கண்ட்ரோலர். இங்கயே இரு."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் சிவந்துவிட்டது. "இவ்வளவு சுலபமா சொல்லிட்டீங்க."

"உனக்கு அதுதானே வேணும்?"

"வேணும்தான். யார் இல்லைன்னாங்க?" குரல் உடைந்தது. பக்கத்து மேசைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல் திரும்பிக்கொண்டார். "ரெண்டு வருஷமா ஒரு தடவையாவது வான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஒரு தடவை? நான் இல்லாம அங்க ஒரு குறையும் இல்லை போலிருக்குன்னு நானே நினைச்சுக்கிட்டேன்."

"கேக்கத்தான் வந்தேன். மூணு நாளா அதுதான் வாய்ல இருக்கு."

"பின்ன ஏன் கேக்கலை?"

"கேட்டா வந்துடுவியேன்னு பயம்" என்றேன்.

அவள் அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். சோப்பைச் சொன்னேன். தூங்கும்போது கட்டிலில் அவள் பக்கம் போகாமல் ஓரமாகவே படுப்பதைச் சொன்னேன். இருபத்துநாலு வருடத்தில் இவ்வளவு வெளிப்படையாக நான் அவளிடம் பேசியதில்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்துடுவேன்தான்" என்றாள் கடைசியில். "நீங்க கேட்டிருந்தா."

"அதான் கேக்கலை. எழுதிக் குடு."

"குடுக்கறேன்" என்றாள். என் காபியையும் தன் பக்கம் இழுத்து ஆற்றிக் கொடுத்தாள்.

தம்பானூரில் வண்டி நேரத்துக்குக் கிளம்பியது. ஜன்னலோடு கொஞ்ச தூரம் நடந்து வந்தாள், பிளாட்பாரம் முடிந்துவிட்டது. நாகர்கோவில் வரை நான் எதையும் பார்க்கவில்லை. அப்புறம் கேமராவை எடுத்து முதலிலிருந்து ஒவ்வொரு படமாகத் தள்ளினேன். வெள்ளியும் சனியும் சேர்ந்து அறுநூற்றுச் சொச்சம். படிக்கட்டு, கதவு, கருப்பட்டிக் கடைக்காரர், லிஸி சேச்சி, ராஜம் மாமி, போளி. வள்ளியூர் காற்றாலைகள் தெரியத் தொடங்கியபோது கடைசிப் படத்துக்கு வந்துவிட்டேன். சித்ராவை ஒன்றுகூட எடுக்கவில்லை.

மறுபடி ஒருமுறை முதலிலிருந்து தேடினேன். ஏதாவது ஒன்றின் ஓரத்திலாவது, புடவை நுனியாவது. இல்லை. போன் செய்து சொன்னேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை, சின்னப் பையன் மாதிரி இருந்தது.

 "நல்லதாப் போச்சு" என்றாள் அவள். "எடுத்திருந்தா அதையே பாத்துக்கிட்டு அங்கயே இருந்துடுவீங்க. அடுத்த மாசம் வந்து நேர்ல பாருங்க."

அடுத்த மாத வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது.